ரோட்டிலிருந்து தெரிந்த மொட்டை மாடி

அத்தியாயம் 5

"இது என்ன?" என்று கேட்டார் டிராயிங் டீச்சர்.

"கட்டடம், டீச்சர்."

"கட்டடம்னு தெரியுது. அது தலையில இருக்கே, இது?"

"மொட்டை மாடி."

"நீங்க எங்க நிக்கிறீங்க?"

"ரோட்டுல."

"ரோட்டுல நிக்கிறவர் கண்ணுக்கு மூணு மாடிக் கட்டடத்தோட மொட்டை மாடி எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான். ஆனா இருக்கே டீச்சர். இல்லாட்டி துணி எங்க காயப் போடுவாங்க?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, நான் முக்கால் மணி நேரம் பாடுபட்டு எழுப்பிய மொட்டை மாடியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தார். இது ஏழாவது சனிக்கிழமை, ஏழாவது வட்டம். போன வாரம் பஸ்ஸின் கூரை. அதற்கு முந்தின வாரம் டெலிபோன் பூத்தின் உச்சி.

"இருக்கிறதை வரையாதீங்க. தெரியறதை வரைங்க. ஏழு வாரமா இது ஒண்ணைத்தான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

எனக்கு வயது முப்பத்திரண்டு. வேலை, துப்பறிவாளரின் உதவியாளர். அந்தத் துப்பறிவாளர் என் அக்காவின் புருஷன். வேலை கிடைத்த விதத்தை நீங்களே துப்பறிந்துகொள்ளலாம்.

அவரை வெளியில் எல்லாரும் லென்ஸ் என்பார்கள். எனக்கு மாமா. பக்கத்து பெஞ்சில் நாக்கை லேசாகத் துருத்திக்கொண்டு தரை வரைந்துகொண்டிருந்தார். பெர்ஸ்பெக்டிவ் என்பது கேட்பதற்குத்தான் பெரிய வார்த்தை. முதலில் படுக்கையாக ஒரு கோடு. அது பார்ப்பவனின் கண்மட்டம். அதன்மேல் ஒரு புள்ளி. அதற்கு மறையும் புள்ளி என்று பெயர். நம்மை விட்டு விலகிப் போகிற கோடுகள் எல்லாம், டைல்ஸ் ஆனாலும் சரி, மேஜை விளிம்பானாலும் சரி, அந்தப் புள்ளியில் போய்த்தான் சேர வேண்டும். கட்டம் கட்டமாகத் தரையைப் போட்டுவிட்டால் அதன்மேல் எதை வேண்டுமானாலும் நிறுத்தலாம். மாமாவின் தரை நன்றாகத்தான் வந்திருந்தது. நானோ எதை நிறுத்தினாலும் அதற்கு ஒரு தலையையும் வைத்தேன்.

"மாப்ள, உனக்குக் கண்ணு தரையில இருக்கா, ஹெலிகாப்டர்ல இருக்கா?" என்றார் மாமா.

"அக்கா வீட்டுல சாப்பிடறவனுக்குக் கண்ணு தட்டுலதான் மாமா."

வகுப்பு முடிந்து மாடிப்படியில் இறங்கும்போது மாமாவின் போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், கத்துக்கிட்டீங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

"கத்துக்கிட்டிருக்கோம்மா."

"திங்கக்கிழமை எனக்கு டிராயிங் வேலைக்கு இன்டர்வியூ. மூணாவது ஆபீஸ். முதல் ரெண்டு இடத்துலயும் என் படத்தையெல்லாம் பார்த்து நல்லா இருக்குன்னாங்க. அப்பா யாருன்னு கேட்டாங்க, சொன்னேன், ஃபைலை மூடிட்டாங்க. திருடர் பொண்ணு கையில டிராயிங்கைக் கொடுக்க யாருக்கும் மனசு வராதாம்."

மாமா படியிலேயே நின்றுவிட்டார்.

"திங்கக்கிழமைக்குள்ள அந்தப் படத்தை ஒரு தடவை பாருங்க சார். அவ்வளவுதான் கேக்கிறேன்" என்று போனை வைத்தாள்.

அவளுடைய அப்பாவைத்தான் இரண்டு வருஷத்துக்கு முன் மாமா திருடர் என்று நிரூபித்தார். அலமாரி செய்யும் ஒரு கம்பெனி. புது மாடலை ஒரு அறையில் ரகசியமாக அமைத்திருந்தார்கள். திறப்பு விழாவுக்கு முன்பே அதே மாடல் போட்டிக் கடையில் வந்து நின்றது. அங்கிருந்த தச்சர் ஒருவர் மூலமாக ஒரு காகிதம் முதலாளி கைக்கு வந்தது. அதில் அந்த ரகசிய அறை அப்படியே பேனாவால் வரையப்பட்டிருந்தது. முதலாளி அதை நாலாக மடித்து மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் கம்பெனிக் கூடத்தில் எல்லாரையும் நிற்க வைத்து மாமா கேட்டார். "இந்த அலமாரி அஞ்சே முக்கால் அடி. படத்துல இதோட மேற்பக்கம் தெரியுது. அப்படின்னா வரைஞ்ச ஆளோட கண்ணு இதுக்கும் மேல இருக்கணும். இந்தக் கம்பெனியில அவ்வளவு உயரம் யாரு?"

எண்பது தலைகள் ஒரே பக்கம் திரும்பின. ஆறே கால் அடி உயரம், பதினெட்டு வருஷமாக அங்கே வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். ஏணி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். "இது என் கோடு இல்ல சார்" என்று அவர் ஒரே ஒரு தடவை சொன்னார். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

நான் அன்றைக்கு, "ஸ்டூல்ல ஏறி நின்னு வரைஞ்சிருந்தா?" என்று கேட்டேன். "திருட வந்தவன் ஸ்டூலும் தூக்கிட்டு வருவானா?" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு ஏழு வாரத்துக்கு முன் அந்தப் பெண்ணின் கடிதம் வந்தது. 'ஐயா, நீங்கள் கூடத்தில் காட்டிய படத்தில் கோடுகள் ஓரிடத்தில் சேரவில்லை என்று அப்பா சொல்கிறார். அப்பா அப்படி வரையவே மாட்டார். தயவுசெய்து வரையக் கற்றுக்கொண்டு பிறகு பாருங்கள்.' மாமாவுக்கு ரோஷம் வந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு சொல்றது சரியா இருந்தா?" என்று மட்டும் கேட்டாள். அந்த வாரமே மாமா என்னையும் இழுத்துக்கொண்டு போய் வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

எங்கள் ஆபீஸ் என்பது வீட்டின் முன் அறை. ஒரு பீரோ, இரண்டு நாற்காலி, ஒரு கால் குட்டையான மேஜை. மாமா பழைய ஃபைலிலிருந்து அந்தப் படத்தை எடுத்துப் பலகையில் குத்தினார். அக்காவின் தையல் பெட்டியிலிருந்து நூலும் குண்டூசிகளும் வந்தன.

"நூலைப் பிடி மாப்ள. டைல்ஸ் கோட்டு மேல வச்சு நேரா இழு."

இழுத்தேன். ஒரு நூல், இரண்டு நூல், மூன்று. பிறகு கீழ் இழுப்பறைகளின் விளிம்புகள். ஒன்பது நூல்களும் ஒரே குண்டூசியில் போய்ச் சேர்ந்தன. ஒரு மயிரிழை பிசகவில்லை.

"அபாரம்! இப்ப அலமாரியோட மேற்பக்கம்."

அந்த இரண்டு நூல்களும் அந்தக் குண்டூசியைச் சட்டை செய்யாமல் மேலே போய், ஒரு சாண் உயரத்தில் தனியாகச் சந்தித்துக்கொண்டன.

மாமா இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு கண்மட்டம் வருமா?"

"பாதி வரைஞ்சதும் ஸ்டூல் கிடைச்சிருக்கும்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இல்ல மாப்ள. இதை ரெண்டு பேர் வரைஞ்சிருக்காங்க! கீழ்ப்பாதி ஒருத்தன், அவன் கில்லாடி. மேல்பாதி இன்னொருத்தன். அவனுக்குக் கண்மட்டம்னா என்னன்னே தெரியாது. தெரியறதை விட்டுட்டு இருக்கிறதை வரைஞ்சிருக்கான்." என் முதுகில் ஓங்கித் தட்டினார். "உன்னை மாதிரி மொட்டை மாடி போடற ஆளு!"

விழுந்து விழுந்து சிரித்தார். வழக்கமாக அவர் சிரிப்பதற்கு முன்பே நான் சிரித்துவிடுவேன். சம்பளத்தில் அதுவும் சேர்த்தி. அன்றைக்கு வரவில்லை.

"யாரு அந்த ரெண்டாவது ஆளு? அந்தத் தச்சரா? போட்டிக் கடைக்காரனா? அவனைப் பிடிச்சா முதல் ஆளு தானா வருவான். வண்டியை எடு!" சட்டையை மாட்டிக்கொண்டே வாசல் வரைக்கும் போய்விட்டார்.

"வண்டி வேண்டாம் மாமா."

"ஏன், பெட்ரோல் இல்லையா?"

"அந்த ஆளு வீட்டுலதான் இருக்கான்."

நான் மண்டியிட்டேன். மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில் எட்டாக மடித்துச் செருகியிருந்த காகிதத்தை உருவினேன். இரண்டு வருஷமாக ஆடாத மேஜை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குண்டூசிப் பெட்டி உருண்டு விழுந்தது. காகிதத்தைப் பிரித்துப் பலகையின்மேல் வைத்தேன். மேல்பாதி முழுக்கப் பழுப்பு. கீழ்ப்பாதியில் அதே டைல்ஸ், அதே இழுப்பறைகள்.

மாமா திரும்பி வந்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன கறை?"

"டீ."

"யாரோடது?"

"என்னோடது. முதலாளி கொடுத்துட்டுப் போன அன்னிக்கு. நீங்க பிரிச்சுப் பார்க்காமலே குளிக்கப் போயிட்டீங்க, நான் பிரிச்சுப் பார்த்தேன். கிளாஸ் கவிழ்ந்துடுச்சு. கீழ்ப்பாதி நனையல, ஜன்னல் கண்ணாடியில வச்சு அப்படியே பிரதி எடுத்துட்டேன். மேல்பாதி மை கலங்கிப் போச்சு. நானா வரைஞ்சேன். அலமாரின்னா மேற்பக்கம் இருக்கும்தானேன்னு..."

முடிக்க முடியவில்லை. நல்ல பகல் வெளிச்சத்தில், நான் பல தடவை ஜோக் அடித்த அந்த அறையில், என் வாய் முதல் தடவையாக வேலை செய்யவில்லை.

"ஏன் சொல்லல?"

"வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது நாள் மாமா. அக்கா சிபாரிசு. டீயைக் கொட்டிட்டேன்னு சொன்னா அவளுக்குத் தலைகுனிவுன்னு நினைச்சேன்."

"கூடத்துல நான் மேற்பக்கம்னு சொன்னேனே, அப்ப?"

"அசல்லயும் இருந்திருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எல்லாரும் கைதட்டினாங்க. நானும் தட்டினேன்."

"எப்பதான் தெரிஞ்சுது?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்ல இடமிருந்தது. இன்றைக்குத்தான், இப்போதுதான் என்று சொன்னால் நம்பியிருப்பார்.

"மூணாவது வாரம். டீச்சர் மூணாவது வட்டம் போட்டப்ப. நாலு வாரமா வாயை மூடிக்கிட்டிருக்கேன். அந்தப் பொண்ணு ரெண்டு இன்டர்வியூவும் இந்த நாலு வாரத்துலதான் போயிருக்கு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. மாமா சாய்ந்த மேஜையின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது.

"நீ ஒரு கோடு போட்ட. நான் அந்தக் கோட்டை வச்சு, ஒரு மனுஷனை அவன் உயரத்துக்காகத் திருடன்னு சொன்னேன். ஸ்டூல்னு நீ கேட்ட. அப்பவாவது யோசிச்சிருக்கலாம். சிரிப்பு வாங்கணும்னு பதில் சொன்னேன். வெட்கமா இருக்கு மாப்ள." மேஜையிலிருந்து கையை எடுத்தார். "உன் டிராயிங் நோட்டையும் எடு. வண்டியையும் எடு."

ஏணி இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியிருக்கவில்லை; அவர் மகளே போனில் சொல்லிவிட்டாள். புதிதாகத் தார் போட்ட கார் நிறுத்துமிடம். ஒரு முனையில் அந்தப் பெண் நூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையிலிருந்து ஏணி வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு வந்தார். அவர் கோடு முடித்து எழுந்தபோதுதான் கவனித்தேன். எழுந்தும் அவர் நிமிரவில்லை. தோளைக் குறுக்கி, முதுகை வளைத்து, சராசரி ஆள் உயரத்துக்கு நின்றார்.

"இடுப்பு வலியா?" என்று அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன்.

"வலி இல்ல. அந்தக் கூடத்துக்கு அப்புறம் அப்பா இப்படித்தான் நிக்கிறாரு" என்றாள்.

நான் எத்தனையோ கேஸில் வசவு வாங்கியிருக்கிறேன், ஒருமுறை அடியும் வாங்கியிருக்கிறேன். இது மாதிரி என்னை எதுவும் தாக்கியதில்லை.

"வாங்க லென்ஸ் சார்" என்றார் ஏணி. கோபம் இல்லை, வரவேற்பும் இல்லை.

மாமா பேச வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். டீ, ஜன்னல் கண்ணாடி, மேற்பக்கம், மேஜைக் கால், நாலு வார மௌனம், எதையும் விடாமல் சொன்னேன். நோட்டையும் கொடுத்தேன். அவர் பெயின்ட் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பஸ் கூரை. டெலிபோன் பூத். மொட்டை மாடி. ஏழு சிவப்பு வட்டங்கள்.

"ரெண்டு வருஷமா ஒவ்வொரு ஆளா நினைச்சுப் பார்த்தேன்" என்றார். "என்னைப் பிடிக்காத யாரோ, நான் மாட்டணும்னே அந்த மேற்பக்கத்தைப் போட்டிருக்கான்னு. யாருக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்னு தேடித் தேடிப் பார்த்தேன். கடைசியில, வரையத் தெரியாதவர் வரைஞ்சதா?"

"ஆமாங்க" என்றேன்.

மாமா அசல் காகிதத்தை நீட்டினார். "இதைப் பாருங்க சார். இதுதான் உண்மையான படம். இதுக்கு மேல எனக்குப் படிக்கத் தெரியல."

ஏணி அதை எங்கள் காரின் பானெட்டில் விரித்தார். கோடு போடும் நூலில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டார். காய்ந்த டீக்கறைக்குள் அலமாரியின் மேல் விளிம்பு மங்கலாகத் தெரிந்தது. அது புள்ளியை நோக்கிக் கீழே இறங்கியது. மேற்பக்கம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

"புள்ளி நடுக் கதவோட கைப்பிடிக்கு நேரா விழுது. அந்தக் கைப்பிடியை நாலடியில வச்சது நான்தான். அப்ப வரைஞ்ச ஆளோட கண்ணு தரையிலிருந்து நாலடி."

"நாலடியில கண்ணுன்னா, சின்னக் குழந்தையா?" என்றார் மாமா.

"உட்கார்ந்திருந்த ஆளு" என்று சொல்லிவிட்டு ஏணி நிறுத்தினார். நூலை இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். "அந்த அறையில ஒரே ஒரு நாற்காலிதான். இந்தப் புள்ளிக்கு நேர் எதிரே. முதலாளி வந்தாக்கூட நின்னுக்கிட்டுத்தான் பேசுவாரு."

"நாற்காலி யாரோடது?"

"முதலாளியோட மச்சான். மேனேஜர்."

மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்தாள். உலகத்தில் உள்ள எல்லா மச்சான்களின் சார்பிலும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவருக்கு இந்தக் கட்டம் போடக் கத்துக் கொடுத்ததே நான்தான்" என்றார் ஏணி. "மூணு மாசம், மதியச் சாப்பாட்டு நேரத்துல. நல்லா வந்துச்சு அவருக்கு. கூடத்துல அன்னிக்கு அவர் என் பக்கத்துலதான் நின்னாரு. கைதட்டினாரு."

மாமா மணி பார்த்தார். "நாலு மணிக்கு ஷிப்ட் முடியும். எண்பது பேரும் கூடத்துல இருப்பாங்க. எந்த இடத்துல நின்னு சொன்னேனோ அதே இடத்துல நின்னு சொல்றேன். தப்பு என்னோடதுன்னு சொல்றேன். நீங்க வரணும் சார். வர மாட்டேன்னு சொன்னாலும் எனக்குப் புரியும்."

ஏணி அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் என் நோட்டை வாங்கி, மாமா கொண்டுவந்த ஃபைலிலிருந்து என் பிரதியை எடுத்து அதன்மேல் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"வாய்ல சொன்னா திங்கக்கிழமை என் ஃபைல்ல வைக்க முடியாது. இந்தப் படத்துக்குக் கீழ எழுதிக் கொடுங்க. நோட்டும் எனக்கு வேணும். டீச்சர் கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கு. நம்புவாங்க."

"ஏழு பக்கமுமா?"

"ஏழு பக்கமும்."

மேஜை எதுவும் இல்லை. ஈரம் காயாத வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் தாரின்மேல் உட்கார்ந்து, முட்டியில் நோட்டை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சிவப்பு வட்டத்துக்குக் கீழும் கையெழுத்துப் போட்டேன். கடைசியாக அந்தப் படம். 'இந்தப் படத்தை வரைந்தது நான்.' நாலே வார்த்தை. அன்றைக்குக் கூடத்தில் இதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதுமாயிருந்திருக்கும். எழுதி முடித்ததும் அந்தப் பெண் வாங்கிப் படித்தாள். பிறகு அப்பாவிடம் கொடுத்தாள்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிரஷ்ஷை டப்பாவின் மேல் வைத்தார்.

"போலாம்" என்று நிமிர்ந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிமிர முடிந்தது. இடையில் ஒரு தடவை முதுகைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது, ஆனாலும் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்த என் கண்ணுக்கு அவர் தாடை தெரிந்தது, மூக்கின் அடி தெரிந்தது, நெற்றி தெரிந்தது. தலையின் மேற்பக்கம் தெரியவில்லை.